தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், நெஞ்சை அழுத்துங்கள்

மாரிகாலத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலை நேரம். வடமேற்கு லண்டனில் எமது பிள்ளைகள் தமிழ் படிக்கும் பாடசாலையின் மண்டபம். பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகள் ஆத்திசூடியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மண்டபத்து நிலத்தில் மூன்று பொம்மைகள் மல்லாக்கக் கிடக்கின்றன. கையும் இல்லை, காலும் இல்லை. தலையும் நெஞ்சும் மட்டும்தான். அவற்றைச் சுற்றிப் பதினான்கு பேர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு நிற்கிறோம். தொண்டர் ஆசிரியைகள் நால்வர், பிள்ளைகளைக் கொண்டுவந்துவிட்ட பெற்றோர் சிலர், இரவு முழுவதும் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்திருந்த ஒரு தம்பி, மகளிடம் வந்து ஆறு மாதமேயான ஓர் அம்மா என்று பல வயதினர். நின்றுபோன இருதயத்தை நெஞ்சில் அழுத்தி ஓடவைக்கும் முறையை, அதாவது சி.பி.ஆர். என்று இங்கே எல்லோரும் சொல்வதைப் படிக்க வந்திருக்கிறோம்.

படிப்பிக்க வந்தவர் எம்மவரின் மகள், தாதியாக வேலை செய்பவர். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டார். "வீட்டிலை ஒரு ஆள் திடீரெண்டு விழுந்தால் முதல்லை என்ன செய்வியள்?"

பதில்கள் தடையின்றி வந்தன. முகத்தில் தண்ணீர் தெளிப்போம். சோடா பருக்குவோம். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்போம். உள்ளங்காலைத் தேய்ப்போம். கடைசியாக ஒருவர், "காரிலை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவம்" என்றார். அதற்கு எல்லோருமே தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எங்களைக் குறைசொல்லவும் முடியாது. போர்க்காலத்து வடக்கில் அம்புலன்சுக்காகக் காத்திருந்து பிழைத்தவர் எத்தனை பேர்? பெற்றோலும் இல்லை, தொலைபேசியும் இல்லை. நோயாளியைச் சைக்கிள் கரியரில் இருத்திப் பிடித்துக்கொண்டு போனோம். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். கதிரையில் வைத்துத் தூக்கினோம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் அம்புலன்ஸ் சேவை இலங்கையில் தொடங்கியதே 2016ஆம் ஆண்டில்தான். அது யாழ்ப்பாணம் வந்துசேர 2018 ஆகிவிட்டது. ஆகவே தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் கால்களில் ஊறிப்போன பழக்கம். அங்கே அதைவிட வேறு வழி இருக்கவில்லை. இங்கே அதே பழக்கம் ஆளைக் கொன்றுவிடும்.

காரணம் எளிது. இருதயம் நின்ற கணத்திலிருந்து மூளைக்கு இரத்தம் போவதில்லை. சில நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்வு கொடுக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து வீதம் குறைந்துகொண்டே போகும். ஆளைத் தூக்கி, படியால் இறக்கி, காரில் ஏற்றி, போக்குவரத்து விளக்கில் நின்று போய்ச் சேரும்வரை அவருடைய நெஞ்சில் ஒருவரும் கைவைக்கப் போவதில்லை. மாறாக, அதே இடத்தில் கிடத்தி உடனே அழுத்தத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகவும் கூடலாம் என்கிறார்கள்.

இதை எழுதும்போது எனது சின்ன மாமாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு ஞாயிறு இரவு, ஈஸ்ட்ஹாமில் ஒரு பிறந்தநாள் வீட்டில், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தவர் கதிரையிலிருந்து அப்படியே சரிந்தார். நான்கு பேர் தூக்கினோம். படிக்கட்டு ஒடுக்கம், மூலையில் ஒருதடவை இறக்கி வைத்துத் திரும்பவும் தூக்கினோம். காரின் பின் ஆசனத்தில் தலையை என் மடியில் வைத்திருந்தேன். இடைக்கிடை அவரிடமிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று முன்னால் இருந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சத்தமும் இல்லை. அவர் பிழைக்கவில்லை.

அன்று நாங்கள் செய்தது பிழையென்று ஒருவரும் சொல்லவில்லை. ஓடி ஓடிக் கொண்டுவந்தார்கள் பாவம் என்றுதான் செத்தவீட்டில் கதைத்தார்கள்.

வகுப்புக்கு வருவோம். மாரடைப்பும் இருதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தாதி முதலில் விளங்கப்படுத்தினார். மாரடைப்பு என்பது இருதயத் தசைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவது. அந்த ஆள் பெரும்பாலும் விழிப்போடு இருப்பார், நெஞ்சு நோகிறது என்பார், வியர்ப்பார். அவருக்கு 999ஐ அழைத்துவிட்டு இருத்தி வைக்கவேண்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது. இருதயம் நின்றவரோ கூப்பிட்டால் பேசமாட்டார், தோளைத் தட்டினாலும் அசையமாட்டார், ஒழுங்காக மூச்சுவிடமாட்டார். முதலாவது இரண்டாவதாக மாறிவிடலாம். தெற்காசிய வழிவந்தவர்களுக்கு இந்நாட்டின் ஏனையோரைவிட இருதய நோய் வரும் ஆபத்து கூட என்பது பலகாலமாகத் தெரிந்த விடயம். சர்க்கரை வியாதியும் எங்களிடம் தாராளம்.

"ஒழுங்கான மூச்சு எண்டு ஏன் சொல்லுறன் தெரியுமோ?" என்று கேட்டு, அவர் தமது தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தை எழுப்பிக் காட்டினார். ஒரு இழுப்பு, பிறகு நீண்ட அமைதி, பிறகு இன்னுமோர் இழுப்பு, குறட்டை போல. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. இருதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இப்படி வருமாம். அது மூச்சல்ல. சாகப்போகும் மூளைத்தண்டு செய்யும் கடைசி வேலை அது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஆறுதலடையக் கூடாது, அழுத்தத் தொடங்கவேண்டும் என்றார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நான் மூச்சென்று நினைத்திருந்தது என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

செய்யவேண்டிய வேலையோ அதிகமில்லை. ஆள் அசையவில்லையென்றால் உடனே 999. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நிலத்தில் வைக்கவேண்டும். மெத்தையில் கிடந்தால் முடிந்தவரை தரைக்கு இறக்கவேண்டும். மெத்தையில் வைத்து அழுத்தினால் நெஞ்சுக்குப் பதில் மெத்தைதான் தாழும். பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்சின் நடுவில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடிக்காமல், தோள் நேரே கைக்கு மேல் வரும்படி குனிந்து, வளர்ந்தவராயின் ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவர்கள் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு தடவை வாயில் ஊதலாம். ஊதத் தெரியாவிட்டால், அல்லது விருப்பமில்லாவிட்டால், அழுத்திக்கொண்டே இருந்தாலும் போதும். பிள்ளைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் முதலில் ஐந்து தடவை ஊதவேண்டும். கைக்குழந்தைக்கு முறை வேறு, அதைக் கட்டாயம் வகுப்பில்தான் பழகவேண்டும்.

வேகம்தான் எங்களுக்குச் சிக்கலாக இருந்தது. இந்நாட்டில் 2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் செய்த தொலைக்காட்சி விளம்பரத்தில், பீ ஜீஸ் குழுவின் 'ஸ்ரேயிங் அலைவ்' பாட்டின் தாளத்துக்கு அழுத்தச் சொன்னார்கள். எங்கள் அம்மாமாருக்கு அந்தப் பாட்டு எங்கே தெரியப்போகிறது? தமிழில் எண்ணத் தொடங்கினோம். பத்துவரை நல்ல வேகம். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று வரும்போது சொல் நீண்டு, கையும் ஆறுதலாகிவிட்டது. எல்லோருக்கும் அதே கதிதான். பிறகு ஓர் ஆசிரியை வழிகண்டுபிடித்தார்: ஒன்று முதல் பத்துவரை மூன்று தடவை எண்ணுவது. மிருதங்கம் படிக்கும் மகனோடு வந்திருந்த ஒருவர், 'தக' என்று ஒரு அழுத்தம், 'திமி' என்று ஒரு அழுத்தம் வைத்துப் பார்த்தார். அதுவும் சரியாக வந்தது.

ஓய்வு நேரத்தில் தேநீரோடு பொம்மையின் கதை வந்தது. சாந்தமாகக் கண்மூடிய அந்த முகம் எங்கோ பார்த்த முகம் போலிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பைப் பார்த்துச் செய்தது அது. நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகரில் விளையாட்டுச் சாமான் செய்துவந்த ஓஸ்மன்ட் லார்டால் என்பவர் 1960ஆம் ஆண்டில் அந்தப் பொம்மையை உருவாக்கினார். தண்ணீரில் மூழ்கப்போன தன் சின்ன மகனைக் காப்பாற்றிய தகப்பன் அவர். அதே 1960இல்தான் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன் முதலிய மூவர், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓடவைக்கலாம் என்று எழுதினார்கள். நோர்வேயில் 1961 முதலே பாடசாலைகளில் உயிர்மீட்புப் பயிற்சியைப் படிப்பித்து வருகிறார்கள். ஒஸ்லோவில் எமது உறவுகள் எத்தனையோ பேர். அவர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

லண்டனுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. தேம்ஸ் ஆற்றில் மூழ்கியவர்களை உயிர்ப்பிப்பதற்கென்று வில்லியம் ஹோஸ், தோமஸ் கோகன் என்ற இரு வைத்தியர்கள் 1774இல் இங்கே ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று றோயல் ஹியூமேன் சொசைற்றி என்று இருப்பது அதுதான். உதவிக்கு வந்த சாதாரண சனத்துக்குப் பணப்பரிசும் கொடுத்தார்கள். அக்காலத்தில் வாயில் ஊதுவதோடு, துருத்தியால் புகையிலைப் புகையைப் பின்புறமாக ஏற்றும் வைத்தியமும் இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு அப்போதே நல்ல சந்தை இருந்திருக்கும்! எங்கள் சோடாவையும் இரும்புத் திறப்பையும் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிறகு கேள்விகள். வகுப்பின் உயிரே அந்த அரை மணித்தியாலம்தான்.

"பிள்ளை, எனக்கு இங்கிலீசு வராது. போனை எடுத்து என்னத்தைச் சொல்லுறது?" இது அந்த அம்மா. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் வீட்டில் அவரும் அவருடைய கணவரும் மட்டும்தான்.

"பயப்படாதேங்கோ அன்ரி" என்று தாதி பக்கத்தில் வந்து இருந்தார். முதலில் எடுப்பவர் எந்தச் சேவை வேண்டும் என்றுதான் கேட்பார். 'அம்புலன்ஸ்' என்ற ஒரு சொல் போதும். அடுத்துக் கேட்கப்படுவது, ஆள் மூச்சுவிடுகிறாரா என்பது. 'நொட் பிறீதிங்' என்று சொல்லவேண்டும். பிறகு வீட்டு இலக்கமும் போஸ்ற்கோட்டும். அதற்குப் பிறகு 'ரமில், ரமில்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்க முயல்வார்கள். இப்படித் தொலைபேசியூடாக மொழிபெயர்க்கும் சேவையை இந்நாட்டில் 1990இல் கிழக்கு லண்டனில் தொடங்கிவைத்தவர் மைக்கல் யங். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. அழுத்துவதற்கு இங்கிலீசு தேவையில்லை.

அந்த அம்மாவுக்குத் தன் வீட்டுக்கு வரும் பஸ்ஸின் இலக்கம் தெரியும், போஸ்ற்கோட் தெரியவில்லை. மண்டபத்தில் கேட்டுப் பார்த்தால் இன்னும் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"விலா எலும்பு முறிஞ்சால்?" முறியக்கூடும், அழுத்தும்போது சத்தமும் கேட்கலாம். எலும்பு பொருந்தும், நின்ற இருதயம் தானாக ஓடாது. "பிறகு கோட்டு, கேசு எண்டு வந்தால்?" நல்லெண்ணத்தோடு உதவப்போனவரின் நோக்கத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்று சொல்கிறது.

இன்னொருவர் கேட்கத் தயங்கிக் கேட்டார்: அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, அம்புலன்சைக் கூப்பிட்டால் காசு கேட்பார்களா, விசா கேட்பார்களா? அம்புலன்சுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் எவரிடமும் கட்டணம் இல்லை. விண்ணப்பம் விசாரணையில் இருப்பவருக்கு வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசமே. 999இல் பேசுபவர் கேட்பது மூச்சையும் முகவரியையும்தான். இதைத் தெரியாமல் நெஞ்சுநோவோடு விடியும்வரை பொறுத்திருந்தவர்களை நான் அறிவேன்.

பெண்கள் விழுந்தால் என்ன செய்வது என்பதும் வந்தது. மண்டபம் சற்று அமைதியாகிவிட்டது. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு, ஆண்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இந்த உதவி கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. தொடக் கூச்சம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. மின்னதிர்வுக் கருவியின் ஒட்டுகளை வெறும் தோலில்தான் ஒட்டவேண்டும்: ஒன்று வலது தோளெலும்புக்குக் கீழே, மற்றது இடது கக்கத்துக்குக் கீழே. சட்டையை வெட்டத்தான் வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றத் தேவையில்லை, ஒட்டுக்குக் கீழே வராமல் விலக்கிவிட்டால் சரி. "மானம் போனால் போகட்டும், ஆள் இருக்கட்டும்" என்று அந்த அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தக் கருவியை முதலில் வீதிக்குக் கொண்டுவந்தவர் பெல்பாஸ்ற் வைத்தியர் பிராங்க் பன்ரிட்ஜ். 1965இல் கார் பற்றரிகளால் இயங்கிய அது ஏறத்தாழ எழுபது கிலோ எடை. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் பிடிபட்டு, சயாம் ரயில்பாதையில் அடிமைவேலை செய்து திரும்பியவர் அவர்; மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை. இன்று கருவி ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கி, ரயில் நிலையங்களிலும் கடைச் சுவர்களிலும் தொங்குகிறது. திறந்தால் தானே பேசும், படமும் காட்டும். தேவையில்லாத ஆளுக்கு அது அதிர்வு கொடுக்காது. பெட்டி பூட்டியிருந்தால் இலக்கத்தை 999இல் கேட்கலாம்.

பெற்றோல் நிலையத்துத் தம்பி இதுவரை பேசவில்லை. "எவ்வளவு நேரம் அழுத்துறது அக்கா? ஒருகட்டத்திலை இனிச் சரிவராது எண்டு விடுறதோ?" என்றார். அம்புலன்ஸ்காரர் வந்து பொறுப்பேற்கும்வரை விடக்கூடாது, இரண்டு நிமிடத்துக்கு ஒருதடவை ஆள் மாறவேண்டும் என்று சொல்லிவிட்டு, தாதி பப்றிஸ் முவாம்பாவின் கதையைச் சொன்னார்.

கொங்கோவிலிருந்து தகப்பன் அகதியாக வந்து, பின்னர் 1999இல் பதினொரு வயதில் இங்கிலீசு தெரியாமல் லண்டன் வந்துசேர்ந்த பிள்ளை முவாம்பா. வோல்தம்ஸ்ரோவில் படித்தார். உதைபந்தாட்டத்தில் முன்னேறி போல்டன் அணிக்கு ஆடினார். 2012 மார்ச் 17ஆம் திகதி, ரொட்டன்ஹாமின் வைற் ஹார்ட் லேன் மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, ஒருவரும் மோதாமலே புல்தரையில் விழுந்தார். வயது 23. அணி மருத்துவர்கள் அந்த இடத்திலேயே அழுத்தத் தொடங்கினார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த இருதய வைத்தியர் அன்ட்ரூ டீனர் ஆசனத்திலிருந்து இறங்கி ஓடிவந்தார். மைதானத்திலும் அம்புலன்சிலும் வைத்தியசாலையிலும் மாறி மாறி அழுத்தினார்கள். பல தடவை மின்னதிர்வு கொடுத்தார்கள். அவருடைய இருதயம் தானாக ஓடத்தொடங்க 78 நிமிடங்கள் பிடித்தன. ஒரு மாதத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். பந்தாட்டத்தை விட்டார், உயிரோடு இருக்கிறார்.

அவ்வளவு வைத்தியர்கள் சூழ எங்களில் ஒருவர் விழப்போவதில்லை என்பது உண்மைதான். வைத்தியசாலைக்கு வெளியே இருதயம் நிற்பவர்களில் இந்நாட்டில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவரே பிழைக்கிறார்கள் என்பதையும் தாதி மறைக்கவில்லை. பெரும்பாலான சம்பவங்கள் நடப்பது வீட்டில். அங்கே பக்கத்தில் நிற்கப்போவது மனைவி, மாமி, அல்லது பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை. 2020 செப்ரெம்பர் முதல் இங்கிலாந்தின் இரண்டாம்நிலைப் பாடசாலைகளில் இது பாடத்தோடு சேர்ந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்திருக்கலாம், நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். ஒருநாள் பின்னேரம் வீட்டாரோடு இருந்து, யார் அழுத்துவது, யார் 999இல் பேசுவது என்று கதைத்து வையுங்கள். வகுப்புக்கு வர வசதியில்லாதவர்கள் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனின் 'றிவைவர்' பயிற்சியைக் கைத்தொலைபேசியில் இலவசமாகச் செய்யலாம். பதினைந்து நிமிடமும் ஒரு தலையணையும் போதும்.

கடைசியில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பொம்மையோடு தனியே. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மை 'கிளிக்' என்று சத்தமிடும். என் முறை வந்தபோது முதல் அரை நிமிடம் சத்தமே வரவில்லை. "இன்னும் ஆழமா அங்கிள், நோகாது" என்றார் தாதி. முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினேன். கிளிக், கிளிக். ஒரு நிமிடத்துக்குள் வியர்த்து வழிந்தது, மணிக்கட்டு எரிந்தது. இரண்டு நிமிடம் இவ்வளவு நீளமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினார். முழங்கால் நோவென்று சொல்லிச் சொல்லியே, எங்கள் பலரையும்விட நன்றாகச் செய்தார். மா இடித்த கையல்லவா!

ஒரு மணிக்கு மண்டபத்தைக் கொடுத்துவிடவேண்டும். பொம்மைகளின் முகத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தோம். பெற்றோல் நிலையத்துத் தம்பி தன் கடையின் வெளிச்சுவரில் ஒரு பச்சைப் பெட்டி இருப்பதாகவும், மூன்று வருடமாக அதைத் தபால்காரருடையது என்று நினைத்திருந்ததாகவும் சொல்லிக்கொண்டு போனார். வாசலில் மகளின் காருக்காக நின்ற அம்மாவின் கையில் ஒரு துண்டுக் கடுதாசி. அதைப் பார்க்காமல் தன் வீட்டுப் போஸ்ற்கோட்டைச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். நடுவில் வந்த ஓர் எழுத்து மாறிவிட்டது. கடுதாசியைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.